நரியேந்தலில் வேர் விட்ட வண்டிகள்

எங்கள் ஊர் டிராக்டர் வேர் விட்டது, மழை எட்டிக்கூடப் பார்க்காத ஒரு வைகாசியில். இதைச் சொல்லத் தொடங்கினாலே கேட்கிறவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள், ஏனென்றால் கெளுத்தி மீன் பனைமரம் ஏறிக் கலயத்தில் வாய் வைத்ததையும், என் மச்சினன் கொட்டாவி விட்ட வாயை மூட முடியாமல் ராமேஸ்வரம் வரைக்கும் போய்க் கடல்காற்றில் மூடிக்கொண்டு வந்ததையும் இதே வாயால்தான் அவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். அதெல்லாம் புளுகுதான். இதுவும் புளுகாக இருந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

நரியேந்தல் முதுகுளத்தூருக்குக் கிழக்கே, தார் ரோடு அலுத்துப்போய் மண்ணாகி, மண்ணும் அலுத்துப்போய் வெறும் தடமாகி, அந்தத் தடமும் இனிமேல் நம்மால் ஆகாது என்று உட்கார்ந்துவிடுகிற இடத்தில் இருக்கிறது. பஸ் கிடையாது. கண்மாய் உண்டு, அதில் தண்ணீர் கிடையாது. அப்பேர்ப்பட்ட ஊருக்குக் கழுத்தில் அட்டை தொங்கவிட்ட கம்பெனிக்காரர்கள் சிலர் வந்து, காட்டாமணக்கு நடுங்கள், அதற்குத் தண்ணீர் வேண்டாம், உரம் வேண்டாம், ஆடு கடிக்காது, மாடு முகர்ந்தும் பார்க்காது, விதையை நாங்களே வந்து அள்ளிக்கொண்டு போய் அதிலிருந்து டீசல் எடுக்கிறோம் என்றார்கள். யாரும் கவனிக்காமல், எதுவும் கேட்காமல் நின்றபடியே வளர்கிற செடி என்றதும் நம்மளை மாதிரியே ஒரு செடியா என்று எங்களுக்கு அதன் மேல் ஒரு பாசமே வந்துவிட்டது. மிளகாய் போட்ட நிலத்திலெல்லாம் காட்டாமணக்கை நட்டோம். செடி வந்தது, காய் வந்தது, கம்பெனி மட்டும் வரவில்லை. ஊருக்கு வெளியே அவர்கள் போட்ட தகரக் கொட்டகையும், அதற்குள் எண்ணெய் பிழிகிற மெஷினும், சில பீப்பாய்களும், வீட்டுக்கு வீடு கூரை வரை அடுக்கின விதை மூட்டைகளும்தான் மிச்சம். தின்றால் குடல் வெளியே வந்துவிடும் என்பதால் எலிகூட அந்த மூட்டைகளைச் சுற்றிக்கொண்டு போனது.

இனி எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். நரியேந்தலில் எந்த விதையும் யார் கையாலும் வீட்டை விட்டுப் போகாது. அதற்கென்று ஒருத்தி உண்டு, அளவுக்காரி என்போம். அவள் வந்து மரக்காலில் அள்ளி, கோபுரம் வைத்து, "போற எடத்துல வேர் பிடி" என்று சொல்லிக் கொட்டினால்தான் அது விதை, இல்லாவிட்டால் வெறும் தானியம். கல்யாணமாகிப் போகிற பெண்ணையும் ஊர் எல்லையில் நிறுத்தி, அதே அளவுக்காரி அதே வார்த்தையைச் சொல்லித்தான் அனுப்புவாள். அவளுக்கு இன்னொரு வார்த்தையும் உண்டு. அதை விதைக்குச் சொல்ல மாட்டாள், பெண்ணுக்குச் சொல்ல மாட்டாள், சும்மா பேச்சுக்குக்கூட நாக்கில் எடுக்க மாட்டாள். ஊரில் ஓர் உயிர் போய்ப் பாடை தூக்குகிற நேரத்தில் கால்மாட்டில் நின்று, "வேரை விட்டுக் கெளம்பு" என்று ஒரே ஒரு தடவை சொல்லுவாள். சொன்ன பிறகுதான் பாடை கனமில்லாமல் எழும்பும். நான் தோள் கொடுத்தவன், எனக்குத் தெரியும்.

அப்போது அளவுக்காரியாக இருந்தவள் சேதுராக்கு. அவள் புருஷன் கோட்டைச்சாமிக்குச் சிறுநீரகம் இரண்டும் சுருங்கிப்போய், வாரத்துக்கு இரண்டு தடவை டவுன் ஆஸ்பத்திரியில் மெஷினில் போட்டு ரத்தத்தைச் சுத்தம் பண்ணிக் கொண்டுவர வேண்டியிருந்தது. ஒரு தடவை தவறினால் முகம் பூசணிக்காயாக வீங்கும், இரண்டு தடவை தவறினால் மூச்சு நிற்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவனைக் கொண்டுபோய்க் கொண்டுவர ஊரில் இருந்தது வில்லாயுதத்தின் பழைய வேன் ஒன்றுதான். டீசல் விலை ஏற ஏற வில்லாயுதத்தின் முகம் இறங்கிக்கொண்டே வந்து, ஒரு நாள் அவன் வேனுக்கு வெளியே தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

"தங்கச்சி, இனிமே என்னால முடியாது. வண்டி தண்ணியில ஓடுமான்னா, அந்தத் தண்ணியும் நம்ம ஊர்ல இல்ல."

சேதுராக்கு நேரே கொட்டகைக்குப் போய்ப் பூட்டைக் கல்லால் உடைத்தாள்.

கம்பெனிக்காரர்கள் வெள்ளோட்டம் காட்டியபோது எல்லாரும் வேடிக்கை பார்த்திருந்தோம், அதனால் வேலை தெரியும். விதையை மெஷினில் போட்டுப் பிழிந்தால் மஞ்சளாய் ஓர் எண்ணெய் வரும். அதைச் சூடாக்கி, காஸ்டிக் சோடாவை ஸ்பிரிட்டில் கரைத்து ஊற்றி, கை ஓயுமட்டும் கலக்கி மூடி வைத்தால், மறுநாள் அடியில் கருப்பட்டிப் பாகு மாதிரி ஒன்று தங்கி மேலே தெளிந்து நிற்பதுதான் டீசல். அதையும் நல்ல தண்ணீர் விட்டு அலச வேண்டும். அலசாமல் ஊற்றினால் எஞ்சின் இருமும். பெண்கள் ஆளுக்கொரு குடம் குடிதண்ணீரைக் கொண்டுவந்து கொடுத்தார்கள், பிள்ளைகளுக்கு வாய் நனைக்க மட்டும் வைத்துக்கொண்டு எண்ணெயைக் குளிப்பாட்டினோம். கம்பெனிக்காரன் விட்டுப்போன ஸ்பிரிட்டை ஒரு வாய் பார்க்கலாமா என்று கேட்ட என் மச்சினனை வேலை முடிகிற வரைக்கும் கம்பத்தில் கட்டி வைத்தோம், வாய் மட்டும் திறந்தே இருந்தது. ஊர் முழுக்க ஒரு மனிதனின் ரத்தத்துக்காகக் கருப்பாகி, வியர்த்து, கை வெந்து நின்ற அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் எனக்கு மூக்கில் அந்த வாசனை அடிக்கிறது. அப்பேர்ப்பட்ட மும்முரத்தில், விதையை மெஷினுக்கு அளந்து கொட்டிய சேதுராக்கு ஒவ்வொரு மரக்காலுக்கும் என்ன சொல்லிக் கொட்டினாள் என்று யார் கவனித்தார்கள்? அவள் சொல்லாமல் இருந்திருந்தால்தான் எல்லாரும் திரும்பிப் பார்த்திருப்போம்.

எண்ணெய் எரிந்தது. வேன் ஓடியது. வேன் ஓடியதைப் பார்த்துப் பிரசிடென்ட் அழகுமலை தன் டிராக்டருக்கு ஊற்றினார், ஊர்க்கிணற்று மோட்டார் எஞ்சினுக்கு ஊற்றினோம், இனி நரியேந்தலுக்கு நல்ல காலம்தான் என்று ஆளாளுக்குச் சொல்லிக்கொண்டு படுத்தோம்.

விடிந்ததும் அழகுமலை போட்ட சத்தத்தில்தான் ஊர் எழுந்தது.

"எவன்டா என் டிராக்டரை நட்டு வச்சது?"

போய்ப் பார்த்தோம். பெரிய டயர் இரண்டுக்கும் அடியிலிருந்து கை தடிமனில் வேர் இறங்கி, பூமியைப் பிளந்துகொண்டு உள்ளே போயிருந்தது. ஸ்டியரிங்கைச் சுற்றிக் கொழுந்து விட்டிருந்தது, அகலமான காட்டாமணக்கு இலை, பனித்துளிகூட நின்றது. கிணற்றடியில் எஞ்சினும் அப்படியே. அரிவாளால் வேரை வெட்டினால் பிசுபிசுவென்று பால் வடிந்தது, வெட்டின இடம் டீ ஆறுவதற்குள் கூடிக்கொண்டது. சாவியைத் திருகினால் இலைகள் மட்டும் சிலுசிலுத்தன.

வில்லாயுதத்தின் வேன் தப்பியது அவன் சோம்பேறித்தனத்தால். டவுனிலிருந்து கோட்டைச்சாமியைக் கொண்டுவந்தவன், அலுப்பில் எஞ்சினை அணைக்காமலே ஸ்டியரிங்கில் தலை வைத்துத் தூங்கிப்போயிருந்தான். இலை விட்ட டிராக்டரைப் பார்த்ததும் சாவிக்குப் போன கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். அதற்கப்புறம் ரொம்ப நாளைக்கு அவன் அந்தச் சாவியைத் தொடவே இல்லை. மற்ற டீசலை ஊற்றினால் வேன் குழந்தை பால் கக்குகிற மாதிரி அப்படியே வெளியே தள்ளிவிட்டது, எங்கள் எண்ணெய்தான் வேண்டும் என்றது. அதனால் ஓடும்போதே ஊற்றினோம், ஓடாமல் நிற்கும்போதும் உறுமிக்கொண்டே நின்றது. அந்தச் சத்தத்துக்குப் பழகின தொட்டில் பிள்ளைகள், வேன் டவுனுக்குப் போன நாட்களில் தூங்க மாட்டேன் என்று அழுதன.

ஊர் எதையும் சீக்கிரம் பழகிக்கொள்ளும். டிராக்டர் மேல் முதலில் ஒரு சேலை காய்ந்தது, பிறகு அதன் கிளையில் ஒரு தொட்டில் தொங்கியது, பிறகு யாரோ பானெட்டில் குங்குமம் வைத்தார்கள், அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை எஞ்சின்முனி என்று பெயரும் வைத்து ஒரு கிழவி பிள்ளைவரம் கேட்டுவிட்டுப் போனாள். அழகுமலை தினமும் சாயங்காலம் சீட்டில் ஏறி உட்கார்ந்து கியரை மாற்றிக்கொண்டிருப்பார், ஒன்றும் கேட்க மாட்டோம். சேதி தெரிந்து வண்டி ஆபீசர் ஒருவர் வந்து சுற்றிப் பார்த்து, "இலை இருக்குல்ல, இது மரம், எங்க இலாகா இல்ல" என்றார். மரத்து ஆபீசர் வந்து, "நம்பர் பிளேட் இருக்குல்ல, இது வண்டி" என்றார். இரண்டு பேரும் டிராக்டர் நிழலில் நின்று டீ குடித்துவிட்டுப் போனார்கள்.

ஆனால் நிழலை வைத்துக்கொண்டு என்ன செய்வது? எஞ்சின் நின்றுபோனதால் பாதாளத்தில் கிடந்த கிணற்றுத் தண்ணீரைக் கயிற்றில் இழுத்து இழுத்துப் பெண்களின் உள்ளங்கை கிழிந்தது. உழவு இல்லை. அந்த வருஷம் காட்டாமணக்கும் காய்க்கவில்லை, தண்ணீரே வேண்டாம் என்று சொன்ன செடி அதுதான் முதலில் கருகியது. குடும்பம் குடும்பமாய்த் திருப்பூருக்கு நடந்தார்கள். வேனோ நின்றாலும் தின்றது, ஓடினாலும் தின்றது. விதை மூட்டைகள் கூரையிலிருந்து இடுப்புக்கு இறங்கி, இடுப்பிலிருந்து முழங்காலுக்கு இறங்கின.

ஆஸ்பத்திரியில் கோட்டைச்சாமியை மெஷினில் போட்டால் பாதிப் பகல் ஆகும். அதுவரை வில்லாயுதம் ஆஸ்பத்திரியைச் சுற்றிச் சுற்றி வருவான், நின்றால் யாராவது எஞ்சினை அணைக்கச் சொல்வார்கள் என்று பயம். எண்ணெய்க் கேனைப் பிடித்துக்கொண்டு நானும் போவேன், எனக்கு வேறென்ன வேலை? வாட்ச்மேன் ஒவ்வொரு சுற்றுக்கும் எங்களுக்கு ஒரு சல்யூட் வைப்பான். டீக்கடைக்காரன் கூடவே ஓடிவந்து ஜன்னல் வழியாக டம்ளரைக் கொடுத்து, அடுத்த சுற்றில் காலி டம்ளரை வாங்கிக்கொள்வான்.

கடைசி மூட்டைக்கு வந்தபோது சேதுராக்கு அளந்து கொட்டிக்கொண்டே இருந்தவள், திடீரென்று கையை நிறுத்தினாள். தன் வாய் சொல்வது அப்போதுதான் அவள் காதில் விழுந்தது: "போற எடத்துல வேர் பிடி." அப்படியே மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டாள். மறைத்திருக்கலாம், மறைக்கவில்லை. ஊரைக் கூட்டிச் சொன்னாள்.

பிறகு அழகுமலை தொண்டையைக் கனைத்தார்.

"ஏத்தா, கட்டுனவ நீ. அவுக்கவும் நீதான் வேணும்."

"எதைச் சொல்லி அவுக்கச் சொல்றீக மாமா?"

அவர் தரையைப் பார்த்தார்.

"சொல்லுங்க. எந்த வார்த்தைன்னு உங்க வாயால சொல்லுங்க, கேப்போம்."

"விதைக்குத்தானேத்தா சொல்லப் போறே. ஆளுக்கா சொல்லப் போறே? டிராக்டர் கெளம்பிரும், கெணத்து எஞ்சின் கெளம்பிரும், ஊரு பொழைச்சுக்கிரும். அதோ பாரு, அந்தப் பிள்ளைக கையெல்லாம் கிழிஞ்சு கெடக்கு."

சேதுராக்கு அந்தக் கைகளைப் பார்த்தாள். அவள் கையும் அதே மாதிரிதான் கிடந்தது.

"விதைக்குச் சொன்னதை வண்டி கேட்டுச்சுல்ல மாமா? வண்டிக்குச் சொல்றதை இவுக கேக்க மாட்டாகளா?"

இவுக என்றது வேப்பமரத்தடிக் கட்டிலில் வீங்கின காலை நீட்டிக்கொண்டு படுத்திருந்த கோட்டைச்சாமியை. அவன் தலையைத் தூக்கினான்.

"சொல்லித் தொலையேன்டி. என்னைக்கு நீ சொன்னதை நான் கேட்டிருக்கேன், இன்னைக்குக் கேக்க?"

ஊரே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது, பாவி மனுஷன் அப்பேர்ப்பட்ட நேரத்தில் அப்படிப் பேசுவான். சேதுராக்கு மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து போய், மரக்காலைக் கிணற்றுக்குள் போட்டாள். அது சுவரில் மோதி மோதிப் போய், ரொம்ப நேரம் கழித்து அடியில் தண்ணீரில் விழுந்த சத்தம் எங்கள் எல்லாருக்கும் கேட்டது. சிரிப்பு நின்றது. அன்றைக்கு ராத்திரிச் சோற்றுக்கு அவள் வீட்டுக்கு யாரும் குழம்பு கொடுத்துவிடவில்லை. மறுநாள் எண்ணெய் கலக்க மட்டும் எல்லாரும் வந்தார்கள். கோபம் வேறு, கோட்டைச்சாமி வேறு.

அந்தக் கடைசி எண்ணெயை ஊற்றிக்கொண்டு டவுனுக்குப் போனோம். கோட்டைச்சாமியை உள்ளே விட்டுவிட்டுச் சேதுராக்கு வேனில் வந்து ஏறிக்கொண்டாள், தனியாக உட்கார்ந்திருக்க முடியவில்லை போல. சுற்றினோம். சுற்ற ஆரம்பித்துச் சாமி ஊர்வலம் மாதிரி மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருந்தோம். வில்லாயுதம் என்னைத் திரும்பிப் பார்க்காமல் கேட்டான்.

"பெருசு, கேன்ல எம்புட்டு இருக்கு?"

"இப்பவே திரும்புனா ஊருக்குப் போற அளவு இருக்கு. இல்ல, அவன் வெளிய வர்ற வரைக்கும் சுத்துற அளவு இருக்கு."

"ரெண்டுக்கும்?"

"ரெண்டுக்கும் இருந்தா நான் ஏன்டா உன்கிட்ட சொல்லப் போறேன்?"

சேதுராக்கு முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க ஊருக்குக் கெளம்புங்கண்ணே. வண்டியாச்சும் ஊருக்குள்ள நிக்கட்டும். நாங்க எப்படியும் வந்துருவோம்."

"வந்து? வெள்ளிக்கிழமை மறுபடி எதுல வருவீக?" என்றான் வில்லாயுதம்.

டீக்கடை போனது, வாட்ச்மேன் போனான், மருந்துக்கடை போனது, மறுபடி டீக்கடை வந்தது. வில்லாயுதத்துக்குப் பொண்டாட்டி பிள்ளை கிடையாது. அந்த வேனைத்தான் கழுவித் துடைத்துப் பொட்டு வைத்து வாழ்ந்தான். அவன் ஆஸ்பத்திரிக் காம்பவுண்டுக்குள் வண்டியைத் திருப்பினான். சுவரோரம் நோயாளிகளோடு வந்த சனங்கள் துண்டை விரித்து வெயிலில் படுத்திருந்தார்கள். அவர்களுக்குப் பக்கத்தில் வேனைக் கொண்டுபோய், முன்னே எடுத்து, பின்னே எடுத்து, மறுபடி முன்னே எடுத்தான்.

"எங்க நிறுத்தினாலும் இது மொளைக்கத்தான் போகுது தங்கச்சி. நரியேந்தல்ல மொளைச்சு என்னத்தைக் கண்டுச்சு. இங்கன மொளைச்சா மாப்ள நடந்தே உள்ள போயிட்டு வருவாருல்ல." குரல் உடைந்ததை மறைக்க ஹாரனை ஒரு தடவை அடித்தான். "உனக்கு எந்தப் பக்கம் நிழல் வேணும், அதைச் சொல்லு."

சேதுராக்கு வாயில் சேலையை வைத்துக்கொண்டு, கையை மட்டும் நீட்டிக் கிழக்குப் பக்கத்தைக் காட்டினாள். அவன் சாவியைத் திருகினான். அந்தச் சத்தம் நின்றதும் காதுக்குள் ஏதோ விழுந்துவிட்ட மாதிரி இருந்தது. டீக்கடைக்காரன் கொண்டுவந்த டீ ஆறுவதற்குள் டயருக்கு அடியில் சிமெண்ட் தரை விரிசல் விட்டது.

அதற்கப்புறம் புருஷனும் பொண்டாட்டியும் அந்த வேனுக்குள்ளேதான் குடியிருந்தார்கள். பின்சீட்டில் கட்டில், முன்சீட்டில் சமையல் சாமான். மேலே கிளை விட்டுப் படர்ந்ததில் சுவரோரம் படுத்திருந்த சனங்களுக்கெல்லாம் நிழல் கிடைத்தது, ஜன்னல் கம்பியில் அவர்கள் தூக்குச்சட்டிகளை மாட்டிக்கொண்டார்கள். காலி பண்ணச் சொல்லி யாராவது வந்தால் சேதுராக்கு நம்பர் பிளேட்டைக் காட்டுவாள், வண்டியை எடு என்றால் இலையைக் காட்டுவாள். வில்லாயுதம் அதே டீக்கடையில் டம்ளர் கழுவப் போய்விட்டான், அவனுக்கு வேனைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். நான் திரும்பி வந்தேன், நடந்தும் லாரியில் தொற்றியும். ஊரில் எல்லாரும் என்னைச் சூழ்ந்துகொண்டு கேட்டார்கள், சொன்னேன். வண்டி போச்சா என்று யாரும் கேட்கவில்லை. உயிரோட இருக்கானா என்றுதான் கேட்டார்கள். கேட்டுவிட்டுக் கிணற்றுக்குக் கயிறு இழுக்கப் போனார்கள்.

ஒரு கோடை போனது, இன்னொரு கோடை போனது. கயிறு இழுக்க ஆளும் குறைந்துகொண்டே வந்தது. கோட்டைச்சாமி இருக்கிற வரைக்கும் சேதுராக்கு அந்த வார்த்தையைச் சொல்ல மாட்டாள், எங்கள் டிராக்டர் நகராது, எங்கள் எஞ்சின் தண்ணீர் இறைக்காது என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும், எஞ்சின்முனிக்கு விளக்கு வைக்கிறவர்கள் கோட்டைச்சாமி நல்லா இருக்கணும் என்றுதான் வேண்டினார்கள். இதில் பொய் இல்லை, பக்கத்தில் உட்கார்ந்து என் காதால் கேட்டேன்.

ஒரு மத்தியானம் நான் டிராக்டர் நிழலில் துண்டை விரித்துக் கிடந்தேன். பெண்கள் கிணற்றடியில் நின்றார்கள். அழகுமலை சீட்டில் ஏறிக் கியரில் கை வைத்தபடி கண் அசந்திருந்தார். காற்றே இல்லை. தலைக்கு மேலே இலைகள் சிலுசிலுத்தன. பிறகு டிராக்டர் ஒரு தடவை இருமியது, தொண்டையில் ரொம்ப நாள் அடைத்திருந்ததைத் துப்புகிற மாதிரி. இன்னொரு தடவை இருமியது. பூமிக்குள்ளிருந்து வேர் ஒவ்வொன்றாய்க் கழன்று வருகிற சத்தம் முதுகுக்கு அடியில் எனக்குத் தெரிந்தது. எழுந்து உட்கார்ந்தேன். டேங்கில் ஒரு சொட்டு எண்ணெய் இல்லாத அந்த டிராக்டர் புகையைக் கக்கிக்கொண்டு ஓடத் தொடங்கியது. கிணற்றடியில் எஞ்சின் ஓடத் தொடங்கியது. குழாயில் தண்ணீர் கொட்டியது. எத்தனையோ நாள் கழித்துக் கொட்டின தண்ணீர், பெண்களின் காலை நனைத்துக்கொண்டு ஓடியது, ஒருத்திகூடக் குனிந்து குடத்தை வைக்கவில்லை. அழகுமலை டிராக்டரிலிருந்து இறங்கி, ஒவ்வொருவர் முகமாய்ப் பார்த்து, தலைத்துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டார். யாரும் போன் பண்ணிச் சொல்லவில்லை. எங்களுக்குத் தெரிந்துவிட்டது.

பொழுது சாய்கிற நேரத்தில் வேன் வந்தது. வில்லாயுதம் பிற்பாடு சொன்னான்: கோட்டைச்சாமி தூக்கத்திலேயே போயிருக்கிறான். வெள்ளைத்துணி சுற்றி வெளியே கொண்டுவந்து வைத்ததும், சேதுராக்கு கால்மாட்டில் போய் நின்றாளாம். நிழலில் இருந்த சனங்களெல்லாம் எழுந்து நின்றார்களாம். அவள் வாய் திறக்காமல் ரொம்ப நேரம் நின்றாளாம். பிறகு குனிந்து அவன் கால் பெருவிரலைப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் நின்றவனுக்குக்கூடக் கேட்காத குரலில், அதைச் சொன்னாளாம்.

கிளைகளோடும் இலைகளோடும் அந்த வேன் ஆடி ஆடி வந்தது, வந்த வழியெல்லாம் இலை உதிர்ந்து கிடந்தது. வேப்பமரத்தடியில், கோட்டைச்சாமியின் கட்டில் கிடந்த இடத்தில், வில்லாயுதம் சாவியைத் திருகி எஞ்சினை அணைத்தான். டிராக்டரையும் யாரோ போய் அணைத்துவிட்டு வந்தார்கள்.

யாரும் பாடை கட்டப் போகவில்லை, யாரும் அழவும் இல்லை. ஊரே வேனின் டயர்களைப் பார்த்துக்கொண்டு நின்றது. எதற்காகப் பார்த்தோம் என்று கேட்டால் எனக்கு இப்போதும் சொல்லத் தெரியாது. மறுபடி முளைக்க வேண்டும் என்று பார்த்தோமா, முளைக்கக் கூடாது என்று பார்த்தோமா. யாரோ எனக்கு ஒரு டம்ளர் டீ கொடுத்திருந்தார்கள். அது கையிலேயே ஆறியது, ஆடை கட்டியது.

முன்கதவைத் திறந்துகொண்டு சேதுராக்கு இறங்கினாள். முழங்காலை மடித்துத் தரையில் உட்கார்ந்து, டயருக்கு அடியில் கையை விட்டு, ஓர் ஓரத்திலிருந்து இன்னோர் ஓரம் வரைக்கும் மெதுவாகத் தடவிப் பார்த்தாள்.

"ஒண்ணும் இல்ல" என்றாள். "வெறும் மண்ணு."